‘சாப்பிடவே மாட்டேன் என்கிறாள்’: மூன்றரை வயது மகளின் தாய்க்கு ஒரு குழந்தை மருத்துவரின் பதில்

விருதுநகர் மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், செய்தியை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு மூன்றரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறாள். எடை 13.2 கிலோ, உயரம் 96 செ.மீ. ஓராண்டுக்கு முன் அங்கன்வாடியில் பார்த்தபோது எடை 11.3 கிலோ. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போவதால் பகலில் மாமியார்தான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். கைப்பேசியில் பாட்டுப் போட்டால்தான் வாய் திறப்பாள். சோற்றையும் ரசத்தையும் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, ஒரு மணி நேரம் ஊட்ட வேண்டியிருக்கிறது. சோறுதான் இறங்கவில்லை, பாலாவது குடிக்கட்டும் என்று எழுந்ததும் ஒன்று, பள்ளிக்குக் கிளம்பும்முன் ஒன்று, பள்ளி விட்டு வந்ததும் ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று, படுக்கும்போது பாட்டிலில் ஒன்று என ஐந்து முறை பால் கொடுக்கிறார்கள். சர்க்கரை இரண்டு கரண்டி, பகலில் கொடுக்கும் பாலில் சத்துப் பானப் பொடியும் உண்டு. மூன்று நாளைக்கு ஒருமுறைதான் மலம் கழிக்கிறாள். நான்கு மாதமாகப் பல்பம் தின்கிறாள்; கட்டிலை ஒட்டிய சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பையும் சுரண்டித் தின்கிறாள். நாத்தனாரின் மகன் இதே வயதில் 17 கிலோ இருக்கிறான். பள்ளியிலோ, ‘பென்சிலைச் சரியாகப் பிடிப்பதில்லை, நான்கு கோட்டு நோட்டில் எழுதச் சொன்னால் அழுகிறாள், டியூஷன் வையுங்கள்’ என்கிறார்கள். பசி மருந்து வாங்கலாம் என்பது கணவரின் யோசனை. தொக்கம் எடுத்தால், அதாவது வயிற்றில் ஒட்டிக்கொண்டதாகச் சொல்லப்படும் உணவை நாட்டு முறையில் வெளியே எடுத்தால், சரியாகிவிடும் என்பது மாமியாரின் நம்பிக்கை. ‘நான் வேலையை விட்டுவிட்டால் இவையெல்லாம் சரியாகிவிடுமா?’ என்ற கேள்வியோடு கடிதம் முடிகிறது.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் நீங்கள் பெரிதாக எழுதியிருப்பது எடையைப் பற்றி. போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருப்பது பல்பத்தைப் பற்றி. என் கவலை இதற்கு நேர் எதிராக இருக்கிறது. எடை உங்களை இத்தனை தூரம் வருத்த வேண்டியதில்லை. பல்பத்தையும் சுவரையும் இந்த வாரமே கவனிக்க வேண்டும்.

முதலில் எடையை முடித்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் மூன்றரை வயதுப் பெண் குழந்தைக்கான நடுக்கோடு ஏறத்தாழ 15 கிலோ. எடைக் குறைவு என்று மருத்துவர்கள் சொல்லத் தொடங்கும் கீழ்க்கோடு பதினொன்றரைக் கிலோவை ஒட்டியது. உங்கள் மகள் இவற்றுக்கு நடுவே இருக்கிறாள். அதைவிட முக்கியமான செய்தி, இரண்டரை வயதிலும் அவள் ஏறத்தாழ இதே கோட்டில்தான் இருந்தாள் என்பதும், இந்த ஓராண்டில் 1.9 கிலோ கூடியிருக்கிறாள் என்பதும்தான். இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் ஒரு குழந்தை ஆண்டுக்குச் சுமார் 2 கிலோதான் கூடும். பிறந்த முதல் ஓராண்டில் எடை மூன்று மடங்கானதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வளர்ச்சி நின்றுபோனதாகத் தெரியும்; வேகம் குறைவதால் பசியும் குறையும், அது இயல்பு. நாத்தனார் மகனின் 17 கிலோ நடுக்கோட்டுக்கு மேலே இருக்கும் எடை. அதை அளவுகோலாக வைத்தால் தெருவில் பாதிப் பிள்ளைகள் மெலிந்தவர்களாகத்தான் தெரிவார்கள்.

பால் இருக்கும் இடத்தில் சோறு இறங்காது

உங்கள் வீட்டு டம்ளர் 180 மி.லி. என்று வைத்துக்கொண்டால், ஐந்து முறைக்கு 900 மி.லி. பால். தண்ணீர் கலக்காத கெட்டிப் பாலானால் அதிலேயே 600 கலோரிக்கு மேல் வந்துவிடும். பத்துக் கரண்டிச் சர்க்கரையும் பானப் பொடியும் சேர்ந்தால் 800-ஐத் தாண்டும். இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவதே சுமார் 1,000 முதல் 1,200 கலோரி. ஆக, உங்கள் மகள் சாப்பிடாமல் இருக்கவில்லை. தன் சாப்பாட்டின் பெரும்பங்கை டம்ளரில் குடித்துவிடுகிறாள். மீதியிருக்கும் சிறு பசிக்குத்தான் நீங்கள் ஒரு மணி நேரம் தட்டோடு போராடுகிறீர்கள். சோறு இறங்கவில்லையே என்று பாலைக் கூட்டுகிறோம், பால் கூடக் கூடச் சோறு இன்னும் குறைகிறது. என்னிடம் வரும் ‘சாப்பிடாத’ குழந்தைகளில் பலருடைய கதை இதுதான்.

பால் கெட்டது என்று நான் சொல்லவில்லை. கால்சியத்துக்கும் புரதத்துக்கும் அது நல்லது. ஆனால் அதில் இரும்புச்சத்து அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். அளவு மீறினால் மற்ற உணவிலிருந்து இரும்பு உடலில் சேர்வதையும் அது குறைக்கும், மலத்தையும் இறுக்கும். இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 400 முதல் 500 மி.லி. போதும், தயிரையும் மோரையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

முதலில் படுக்கையில் கொடுக்கும் பாட்டிலை நிறுத்துங்கள். பல் சொத்தைக்கும் அதுவே நேர்வழி. அடுத்து, பள்ளிக்குக் கிளம்பும்முன் கொடுப்பதையும் பள்ளி விட்டு வந்ததும் கொடுப்பதையும் ஒவ்வொன்றாக விலக்குங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு டம்ளர் நிற்கட்டும். சத்துப் பானப் பொடியைப் பொறுத்தவரை, அதில் பெரும்பகுதி மாவும் சர்க்கரையும்தான். இணைய விற்பனைத் தளங்கள் இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் வைக்கக் கூடாது என்று ஒன்றிய வணிக அமைச்சகமே 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. இருக்கும் டப்பா தீர்ந்ததும் புதிதாக வாங்காதீர்கள்.

பாலைக் குறைத்த முதல் மூன்று, நான்கு நாள் அவள் அழுவாள், முன்பைவிடக் குறைவாகவும் சாப்பிடக்கூடும். அந்த நாட்களில்தான் பெரும்பாலான வீடுகள் மனம் இளகிப் பழையபடி பாலுக்குத் திரும்புகின்றன. தண்ணீர் குடித்து, சிறுநீர் வழக்கம்போல் கழித்து, ஓடியாடிக்கொண்டிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும் வாரத்தில் மட்டும் இந்த மாற்றத்தைத் தொடங்க வேண்டாம்.

பல்பமும் சுவர்ச் சுண்ணாம்பும்

கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைப்பது ஒன்றரை, இரண்டு வயது வரை இயல்பு. அதற்குப் பிறகும் மண், சாம்பல், விபூதி, பல்பம், சுண்ணாம்பு போன்ற உணவல்லாத பொருள்களை ஒரு மாதத்துக்கு மேல் தேடித் தின்றால், அதை ‘பைக்கா’ என்கிறோம். ‘வயிற்றில் பூச்சி இருக்கும், அதனால்தான்’ என்று வீட்டில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பூச்சி ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இந்தப் பழக்கத்தோடு நாங்கள் மிகுதியாகக் காண்பது இரும்புச்சத்துக் குறைவைத்தான். ஐந்து வேளைப் பால், மலச்சிக்கல், பல்பம் ஆகிய மூன்றையும் ஒரே கடிதத்தில் படிக்கும் எந்தக் குழந்தை மருத்துவருக்கும் முதலில் தோன்றும் சந்தேகம் அதுவாகத்தான் இருக்கும்.

இது அரிதான கோளாறும் அல்ல. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. நாடு முழுவதற்கும் அந்தக் கணக்கு 67. எனவே இதை உங்கள் வளர்ப்பின் குறை என்று எண்ணி ஒளித்துவைக்காதீர்கள்.

செய்ய வேண்டியது ஓர் இரத்தப் பரிசோதனை. முழு இரத்த அணுக்கள் பரிசோதனையும், முடிந்தால் உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவும் பாருங்கள். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அந்த வயதுக்கு அது இரத்தசோகை. 11-க்கு மேலே இருந்தாலும் ஃபெரிட்டின் குறைந்திருந்தால் இருப்பு தீர்ந்துவருகிறது என்று பொருள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எழுதிக்கொடுத்த சிரப்பை அப்படியே கொடுக்காதீர்கள். இரும்பு மருந்தைப் பாலோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் இரண்டு, மூன்று மாதம் மருந்து தொடர வேண்டும். பாதியில் நிறுத்துவதால்தான் பல குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பக் குறைகிறது. ஒரே ஒரு கடுமையான எச்சரிக்கை: அந்தச் சிரப் பாட்டில் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். இனிப்பாக இருக்கிறதென்று மொத்தமாகக் குடித்துவிட்டால் இரும்பு உயிருக்கே ஆபத்தாகும்.

பேரீச்சம்பழ சிரப் கொடுத்துவருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் மிகுதி சர்க்கரை. குறைந்துபோன இரத்தத்தை அதனால் மீட்க முடியாது. வெல்லமும் அப்படியே. உங்கள் வீட்டில் அசைவம் உண்டு என்பதால், ஆட்டிறைச்சியை மென்மையாக வேகவைத்துப் பிசைந்து கொடுங்கள். வாரம் ஒருமுறை சிறு துண்டு ஈரலும் தரலாம். இறைச்சியில் இருக்கும் இரும்புதான் உடலில் எளிதாகச் சேரும். கம்பு, பாசிப்பயறு, முருங்கைக்கீரை, எள் ஆகியவற்றில் இருப்பது அத்தனை எளிதில் சேராது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாப்பழமோ சேர்ந்தால் கூடுதலாகச் சேரும். முழுக் கடலையும் கடலை மிட்டாயும் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். மூச்சுக்குழாயில் சிக்கும் வயது இது.

குடற்புழு நீக்க மாத்திரை கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அல்பெண்டசோல் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் இலவசமாகவே தருகிறார்கள். விட்டுப்போயிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சுவரைப் பற்றி இன்னும் ஒன்று. வெறும் சுண்ணாம்பானால் வயிறு கெடுவதோடு போகும். ஆனால் பழைய வீட்டுச் சுவரில், கதவில், ஜன்னலில் உரிந்து விழும் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. பெயின்ட்டில் ஈயத்தின் அளவுக்கு நம் நாட்டில் கறாரான வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017-இல்தான். ஈயம் பசியைக் குறைக்கும், மலச்சிக்கலையும் இரத்தசோகையையும் உண்டாக்கும், படிப்பையும் பாதிக்கும். இரும்பு குறைந்த உடல் ஈயத்தை இன்னும் வேகமாக உறிஞ்சிக்கொள்ளும். கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள், உரிந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துப் பூசிவிடுங்கள். வீடு பழையது, பெயின்ட்டும் பழையது என்றால் இரத்தத்தில் ஈய அளவையும் பார்க்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

பசி மருந்தும் தொக்கமும்

கடைகளில் பசி மருந்து என்று தருவது பெரும்பாலும் சிப்ரோஹெப்டடின் என்ற ஒவ்வாமை மருந்து. தூக்கம் வரவைக்கும், கூடவே பசியையும் சற்றுத் தூண்டும். நிறுத்தியதும் பசி பழைய நிலைக்கே திரும்பும். பாலால் வயிறு நிறைந்திருக்கும் குழந்தைக்கு இதைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லலாம்.

தொக்கம் பற்றி உங்கள் அத்தையோடு சண்டை வேண்டாம். விழுங்கிய உணவு வயிற்றில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு நிற்க வழியில்லை. சில மணி நேரத்தில் அது குடலுக்கு இறங்கிவிடும். வயிற்றை எண்ணெய் போட்டு இதமாகத் தடவுவதோடு நின்றால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வாய்க்குள் குழலையோ விரலையோ விடுவது, வயிற்றை அழுத்திப் பிசைவது, கொடுத்த பொடியை விழுங்கச் செய்வது ஆகியவை கூடாது. ‘இரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும், அதுவரை பொறுப்போம்’ என்று சொல்லிப் பாருங்கள். மறுப்பாக இல்லாமல் தவணையாகச் சொன்னால் பெரியவர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

தட்டுக்கு முன்னால் கைப்பேசி

மூன்று வேளையும் ஒரு மணி நேரம் என்றால், சாப்பாட்டுக்காக மட்டும் நாளைக்கு மூன்று மணி நேரம் திரை. இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் சொல்கின்றன. நேரக் கணக்கை விடவும் எனக்கு உறுத்துவது வேறு. திரையைப் பார்த்தபடி வாய் திறக்கும் குழந்தைக்குத் தான் என்ன தின்கிறோம் என்பதும், வயிறு நிறைந்ததா என்பதும் தெரிவதில்லை. மிக்ஸியில் அரைத்ததால் மெல்லவும் பழகவில்லை. மூன்றரை வயதில் அவளுக்கு எல்லாப் பாற்பற்களும் முளைத்திருக்கும், அவற்றுக்கு வேலையில்லை.

நாளையிலிருந்து மிக்ஸியை நிறுத்திக் கையால் பிசையுங்கள். பத்து நாளில் பிசைவதையும் குறைத்துவிடுங்கள். என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். எவ்வளவு என்பதை அவள் முடிவு செய்யட்டும். அவள் தட்டில் ஒரு இட்லி மட்டும் வையுங்கள். இன்னொன்று கேட்டால் கொடுங்கள். கீழே சிந்தட்டும். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். திட்டும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம், ‘இதைத் தின்றால் சாக்லேட்’ என்ற பேரமும் வேண்டாம். அடுத்த உணவு இரண்டரை, மூன்று மணி நேரம் கழித்துத்தான். நடுவில் தண்ணீர் மட்டும். புதிய காயை அவள் தள்ளிவிட்டால், ‘அவளுக்குப் பிடிக்காது’ என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். பத்து, பதினைந்து முறை தட்டில் பார்த்த பிறகுதான் பல குழந்தைகள் ஒரு வாய் தின்கின்றன.

கைப்பேசியை ஒரே நாளில் நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாப்பாட்டு வேளையில் ஒரே நாளில் நிறுத்துவதுதான் எளிது. பாதி வேளைக்கு உண்டு, பாதிக்கு இல்லை என்றால் ஒவ்வொரு வேளையும் பேச்சுவார்த்தையாகிவிடும். ஆனால் அது பெரியவர்களுக்கும் பொருந்த வேண்டும். உங்கள் கணவர் தட்டோடு கைப்பேசியையும் வைத்துக்கொண்டிருந்தால் இது நடக்காது.

உங்கள் மாமியாரைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ‘அவர் சோம்பேறித்தனத்தால் கைப்பேசியைக் கொடுத்துப் பழக்கிவிட்டார்’ என்கிறீர்கள். அறுபதைத் தாண்டிய ஒருவர், முழங்கால் வலியோடு, ஓடும் குழந்தையைப் பகல் முழுவதும் தனியாகப் பார்த்துக்கொண்டு, ‘பிள்ளையைச் சாப்பிட வைக்கவில்லை’ என்ற பேச்சும் வாங்காமல் இருக்க வேண்டுமானால், அவருக்குக் கிடைத்த ஒரே வழி அதுதான். ‘மதியம் அவள் எவ்வளவு சாப்பிட்டாள் என்று நான் இனிக் கேட்க மாட்டேன், அத்தை’ என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கேள்வி நின்றாலே வீட்டில் பாதி இறுக்கம் குறையும்.

எழுதாத கை

மூன்று வயதில் ஒரு குழந்தை வட்டம் போடும். கூட்டல் குறி நான்கு வயதில் வரும், சதுரம் நாலரையில், முக்கோணம் ஐந்தில். சாய்கோடும் வளைவும் கலந்த எழுத்துகளை மூன்றரை வயதில் நான்கு கோட்டுக்குள் அடக்கச் சொல்வது, கை இன்னும் எட்டாத வேலையைக் கேட்பது. மணிக்கட்டின் சிறு எலும்புகளில் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும் வயது இது. அவள் கையைப் பிடித்து எழுதவைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். டியூஷனும் வேண்டாம்.

உங்கள் மகளின் கைக்கு இதுவரை வேலையே கிடைக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? ஊட்டுவது இன்னொருவர், பொத்தான் போடுவது இன்னொருவர், அவள் விரல் அறிந்தது திரையைத் தள்ளுவதை. முருங்கைக்கீரை வாங்கும் நாளில் ஒரு கிளையை அவளிடம் கொடுத்துப் பாருங்கள். முதலில் இலையைக் கொத்தாகப் பிய்ப்பாள். பிறகு காம்பை ஒரு கையால் பிடித்து, மறு கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் சேர்த்து மேலிருந்து கீழே உருவக் கற்றுக்கொள்வாள். பென்சில் பிடிக்கத் தேவைப்படுவது அந்தப் பிடிதான். தான் ஆய்ந்த கீரை என்பதால் மாலையில் ஒரு வாய் தின்று பார்க்கவும் கூடும். அவரைக்காய் உரிக்கட்டும், சப்பாத்தி மாவில் பாம்பு உருட்டட்டும், களிமண்ணில் பிள்ளையார் பிடிக்கட்டும், பழைய நாளிதழைக் கிழித்து ஒட்டட்டும், வாசலில் நீங்கள் வைத்த புள்ளிகளைச் சுண்ணாம்பில்லாத கோலமாவால் இணைக்கட்டும். இவற்றை உங்கள் அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யவைக்க முடியும்.

பள்ளியில் என்ன உரிமை இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கே வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது, எல்.கே.ஜி.-க்கு அதைவிடக் கடுமையாக எழுதவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் நீதிமன்றத்தின் பெயரைச் சொல்லி ஆசிரியரிடம் பேச்சைத் தொடங்க வேண்டாம். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நோட்டு நிரம்பவில்லை என்று மற்ற பெற்றோரிடம் பேச்சு வாங்குகிறவரும் அவர்தான். ‘ஆறு மாதம் எழுத்து வேலை வேண்டாம், வரையட்டும், வண்ணம் தீட்டட்டும், மருத்துவ ஆலோசனை பெற்றிருக்கிறோம்’ என்று எழுத்தில் கொடுங்கள். அதன் பிறகும் அழவைத்தால் தலைமையாசிரியரிடம் போங்கள். அங்கும் மாறாவிட்டால் அடுத்த ஆண்டு வேறு பள்ளி பார்ப்பதைப் பற்றி யோசிக்கலாம். நடு ஆண்டில் மாற்றும் அளவுக்கு உங்கள் கடிதத்தில் ஒன்றும் இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் நேரில்தான் பார்க்க முடியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, கண்ணைப் பார்க்காமை, வயதுக்கேற்ற பேச்சு இல்லாமை, மென்மையான உணவில்கூட அடிக்கடி புரையேறுவது, ஒரே நிறத்து உணவு மட்டும் தின்பது, எடை குறைவது, மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், மேலே சொன்ன யோசனைகளோடு நிற்காமல் குழந்தை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். வளர்ச்சி பற்றிய சந்தேகம் என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் கட்டணமின்றிப் பார்ப்பார்கள்.

வேலையை விட வேண்டாம். நீங்கள் வீட்டிலிருந்தாலும் ஐந்து டம்ளர் பால் ஐந்து டம்ளர்தான். நீங்கள் ஏழு மணிக்கு வீடு திரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். இரவு எட்டு மணிக்கு நால்வரும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு வேளையை மட்டும் உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இரத்தப் பரிசோதனைக்கு நாளைக் காலையே போகலாம். இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. மூன்று மாதம் கழித்து அதே தராசில் எடை பாருங்கள், அரைக் கிலோ கூடியிருந்தால் போதும். அதுவரை வாரந்தோறும் எடை பார்க்காதீர்கள்.